சான்றிதழோடு வந்த ஆள்

நான் வேலை பார்த்த மருந்தியல் கல்லூரி அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது நித்யா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் எதற்கெடுத்தாலும் எனக்குப் போன் செய்வாள். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் பண்ணீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். நான் ஓய்வு பெற்று இரண்டு தீபாவளிதான் ஆகிறது. அதற்குள் என்னை ஒரு காலமாக்கிவிட்டாள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, சென்னையில் இருக்கும் பார்மசி கவுன்சிலில் பார்மசிஸ்டாகப் பதிவு செய்வது எல்லாம் இப்போது பிள்ளைகளின் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. ஓ.டி.பி. வந்தால் வேலை ஆச்சு. அலுவலக ஜன்னலுக்கு ஆளே வருவதில்லை என்கிறாள். போன வாரம் ஒருவர் வந்துவிட்டார். ஒரு மாணவியின் சித்தப்பா. பெண்ணின் பதிவுச் சான்றிதழ் தன் கடை முகவரிக்கு வருகிற மாதிரி போட்டுக் கொடுங்கள் என்றாராம். போடலாமா கூடாதா என்று நித்யாவுக்குக் குழப்பம்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"பொண்ணு வரல மேடம். அவருதான் வந்திருக்காரு."

"அப்ப பொண்ண வரச் சொல்லு" என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று போனில் சொல்லி மாளாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மருந்துக் கடை நடத்த உரிமம் வேண்டும். உரிமம் கிடைக்க, படித்துப் பதிவு செய்த பார்மசிஸ்ட் ஒருவர் அந்தக் கடையில் வேலை செய்ய வேண்டும். அவருடைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சில கடைகளில் சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும். அதற்கு உரியவர் வேறு ஊரில் இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டோ, கல்யாணமாகிப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டோ இருப்பார். மாதம் பிறந்தால் அவருக்கு ஒரு தொகை போய்விடும். வீட்டு வாடகை, பந்தல் வாடகை மாதிரி இது சர்ட்டிபிகேட் வாடகை. எல்லாக் கடையையும் சொல்ல மாட்டேன். ஒழுங்காக நிற்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனாலும் வாடகைச் சமாசாரம் ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

என் ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, விரல்கள் அதேதான். பிறகு உதவித்தொகை, பதிவு என்ற இரண்டு வேலைகளையும் என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குள் வரும்போது உதவித்தொகைக்காக என் ஜன்னலுக்கு வருவார்கள். படித்து முடித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சியும் முடித்துப் போகும்போது பதிவுக்காக வருவார்கள். நடுவில் எந்தப் பாடத்தில் பெயிலானார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

எங்கள் சூப்பரின்டெண்ட் தணிகாசலம் சார். ஒல்லியான மனிதர். அதிர்ந்து பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் மேசை மேல் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கல்லூரி விவகாரம் அத்தனையும் அலுவலகத்தில் எல்லோருக்கும் அத்துப்படியானதற்கு அந்தக் காதுதான் காரணம். வருகிறவர் யாராக இருந்தாலும், சண்டைக்கே வந்திருந்தாலும், முதலில் நாற்காலியைக் காட்டுவார். உட்கார்ந்து சண்டை போடுவது கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவரிடம் சில பழக்கங்கள் உண்டு. ஜன்னலில் மாணவர்தான் பேச வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். பெயர் கேட்டால் அப்பா சொல்வார், என்ன குரூப் படித்தாள் என்றால் அண்ணன் சொல்வான். தணிகாசலம் சார் எழுந்து வந்து, "பரீட்சையும் நீங்கதான் எழுதப் போறீங்களா?" என்று அப்பாவிடம் கேட்பார். கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்பார். அப்பா அசடு வழிந்து நகர்ந்துகொள்வார்.

சென்னைக்குப் போன் போடுவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. "ஆச்சானு கேக்காதீங்க. கேட்டா ஆவலனு சொல்லி வச்சிடுவாங்க. என்ன கொறையுதுனு கேளுங்க. அப்பதான் ஃபைலை எடுத்துப் பாப்பாங்க" என்பார். நான் கடைசிவரை அப்படித்தான் கேட்டேன். கேஸ் சிலிண்டர் வராதபோதுகூட அப்படித்தான் கேட்கிறேன்.

ஒரு தடவை எங்கள் பழைய மாணவர் ஒருவர் கையில் நோட்டீஸோடு வந்தார். சேலத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிறவர். எங்கோ ஒரு கடையில் அவருடைய சான்றிதழ் தொங்கியிருக்கிறது. அந்தக் கடையில் யாரோ எதையோ மாற்றிக் கொடுத்து, ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டிருக்கிறார். விசாரணைக்கு வரச்சொல்லி இவருக்கு ஆணை. "அந்தக் கடைய நான் கண்ணால பாத்ததே இல்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதுதான் தப்பே என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவருடைய பதிவு போய்விட்டது. அதற்குப் பிறகு, பதிவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தணிகாசலம் சார் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். "எந்தக் கடை சுவத்துக்கு?" எந்த பஸ்ஸில் போகிறாய் என்பது போலக் கேட்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் குனிந்துகொள்வார்கள். பதில் வராவிட்டாலும் அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இனி சங்கீதாவின் கதைக்கு வருகிறேன்.

சங்கீதா, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் விற்பார். வாய் திறந்து பேசாத மனிதர். அம்மாவின் தம்பி ஏழுமலை என்பவர், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் மெடிக்கல் வைத்திருந்தார். அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள், பௌர்ணமி கூட்டம் என்று நன்றாக ஓடுகிற கடை. சங்கீதாவைக் கல்லூரியில் சேர்த்ததும் கட்டணம் கட்டியதும் அவர்தான்.

முதல் வருஷம் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருந்தது சங்கீதா ஒருத்திதான். கூப்பிட்டு விசாரித்தேன்.

"வேணாம் மேடம். மாமா ஃபீஸ் கட்டிட்டாரு."

"கட்டட்டும். இது உனக்கு கவர்மென்ட்டு குடுக்கறது. அவரு கையிலேர்ந்து வர்றதில்ல."

"வாங்குனா மாமாவுக்கு கௌரவக் கொறச்சல் மேடம்."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சங்கீதாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தபோது, ஏழுமலை மைக்கை வாங்கி, "எங்க அக்கா பொண்ணு படிப்பு மொத்தமும் என் சீரு" என்று ஊர் முன்னால் அறிவித்திருக்கிறார். கைதட்டல் வாங்கிய வார்த்தை. இப்போது அரசாங்கத்திடம் உதவி கேட்டால், மாமன் சொன்னது பொய்யாகிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஜனங்கள் இ-சேவை மையத்தில் கால் கடுக்க நிற்கிறார்கள். இங்கே ஒரு குடும்பம் மரியாதைக்காக வேண்டாம் என்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. தணிகாசலம் சாரிடம் சொன்னேன்.

"சீர் வேற, ஸ்காலர்ஷிப் வேற. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தலையாட்டினாள். அந்த வருஷத்துக் கடைசித் தேதி போய்விட்டது. மறு வருஷம் அவளே ஜன்னலுக்கு வந்தாள். கையில் வருமானச் சான்று. "அம்மா அலைஞ்சு வாங்கினாங்க மேடம். மாமாவுக்குத் தெரியாது" என்றாள். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைத்திருக்கிறதா என்று பார்த்து, விண்ணப்பத்தை ஏற்றி அனுப்பினேன்.

அடி அண்ணாமலையில் நடப்பது செங்கம் ரோட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? ஏழுமலை சங்கீதாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே ஆரம்பித்தார்.

"இன்னா மேடம் இது? ஊரு ஜனம் முன்னால சொல்லிட்டு வந்தவன் நான். இப்ப அந்தப் பொண்ண அனாத மாரி ஸ்காலர்ஷிப்புக்கு எழுத வெச்சிருக்கீங்க!"

தணிகாசலம் சார் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். ஏழுமலை உட்கார்ந்தார். "உங்க சீர நாங்க தொடல. கட்டறத கட்டுங்க. இது அந்தப் பொண்ணு கணக்குக்குப் போற பணம். வேணாம்னா அவங்க எழுதித் தரட்டும்" என்றார் சார். எல்லோரும் சங்கீதாவைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எழுதித் தரல சார்" என்றாள். குரல் பாதிதான் கேட்டது. போதுமானதாக இருந்தது.

பணம் தாமதமாகத்தான் வந்தது. வந்ததும் அவள் அதை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போயிருக்கிறாள். அவர் தொடவில்லை. "சீரத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வூட்ல கெடயாது" என்றாராம். உறவுக்காரர்கள் எல்லோரும் எப்பேர்ப்பட்ட மனசு என்று புகழ்ந்தார்கள். எனக்கு அது பெரிய மனசாகத் தெரியவில்லை. கடன் என்றால் அடைத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். சீரை எப்படி அடைப்பது? ஏழுமலை விவரமான ஆள்.

அவருக்கு வேண்டியது சான்றிதழ். கடைச் சுவரில் அப்போது தொங்கியது வேறொரு பெண்ணுடையது. அந்தப் பெண் வருஷத்துக்கு வருஷம் வாடகையை ஏற்றிக்கொண்டே இருந்தார். அக்கா பெண்ணின் சான்றிதழ் வந்துவிட்டால் காலத்துக்கும் கவலையில்லை. ஏழுமலைக்கு இரண்டும் பெண்பிள்ளைகள், அதனால் சங்கீதாவை மருமகளாக்கிக்கொள்ளும் பேச்சுக்கு இடமில்லை. ஓசூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவள் ஓசூருக்கு, சான்றிதழ் செங்கம் ரோட்டுக்கு. இதை அவர் ஒளிக்கவும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கீதாவுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சி முடித்து வந்த நாளில் அவளாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் நிற்க வைத்திருக்கிறார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயானு என்கிட்டதான் மேடம் கேக்கறாங்க. நான் சொன்னா அப்படியே கேட்டுக்கறாங்க. மறுநாளு வந்து, நீ சொன்ன மாரிதாம்மா போட்டேன்னு சொல்லிட்டுப் போறாங்க." இதை ஏதோ அதிசயம் பார்த்தவள் போலச் சொன்னாள். அவளிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அந்த கவுன்டர் வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பதிவு விண்ணப்பத்தோடு தணிகாசலம் சார் முன்னால் நின்றாள். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மாமா கடை சுவத்துக்கு சார்" என்றாள். சிரிக்கவும் இல்லை, குனியவும் இல்லை.

"நீங்க எங்க இருப்பீங்க?"

"ஓசூர்ல சார்."

யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். சார் கையெழுத்துப் போட்டார். அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசலாமா என்று நினைத்தேன். இருந்தாலும் அது என் வேலை இல்லை. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

சான்றிதழ் வரவில்லை. வாரங்கள் போயின. ஏழுமலை தவித்துப்போனார். பழைய பெண் தன் சான்றிதழைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சங்கீதாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "சார், நீங்க ஒரு போன் போட்டா வேல நடக்கும்" என்றார். சார் நாற்காலியைக் காட்டினார். போனை சங்கீதா பக்கம் தள்ளினார்.

"என்ன கொறையுதுனு கேளும்மா."

ஸ்பீக்கரில் மணி வெகுநேரம் அடித்தது. ஒரு பெண்மணி எடுத்தார். அவசரமான குரல். "யாரு பேசறது?"

"நான்..." என்று சங்கீதா ஆரம்பித்ததும் ஏழுமலை கையை நீட்டினார். "குடு, நான் பேசறேன்." தணிகாசலம் சார் அவர் பக்கம் டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். நீட்டிய கை டம்ளரைப் பிடித்துக்கொண்டது.

"அப்ளிகன்ட் பேசறேன் மேடம். என் அப்ளிகேஷன்ல என்ன கொறையுதுங்க?"

விண்ணப்ப எண்ணையும் சொன்னாள். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம். பிறகு, "அட்ரஸ் ரெண்டு இடத்துல ரெண்டா இருக்கும்மா. ஆதார்ல ஒண்ணு, அப்ளிகேஷன்ல ஒண்ணு. எதுக்கு அனுப்பணும்?"

விண்ணப்பத்தில் கடை முகவரியைப் போடச் சொன்னது ஏழுமலைதான். இப்போதும், "கடை, கடை" என்று வாயசைத்தார். சங்கீதா அவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, "ஆதார்ல இருக்கற அட்ரஸுக்கே அனுப்புங்க மேடம்" என்றாள்.

"அதுக்கு ஒரு லெட்டர் போட்டு மெயில் பண்ணுங்க. வேற?"

வேறொன்றும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சார் போனை வைக்கக் கையைக்கூடக் கொண்டுபோய்விட்டார்.

"இன்னொரு டவுட் மேடம். என் சர்ட்டிபிகேட்ட ஒரு கடையில மாட்டினா, நானும் அங்க இருக்கணுமா?"

"அதெல்லாம் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல கேக்கணும்மா" என்றார் அந்தப் பெண்மணி. பிறகு என்ன தோன்றியதோ, அவசரத்தை விட்டுவிட்டுச் சொன்னார். "இருந்தாலும் இது தெரிஞ்ச ரூல்தானே? பார்மசிஸ்ட் கடையில இருக்கணும். நீ இல்லாதப்ப அங்க மருந்து குடுக்கக் கூடாது. நீ எங்கயோ இருந்து, அங்க ஏதாவது ஆச்சுன்னா, உன் ரெஜிஸ்ட்ரேஷன்தான் போகும். படிச்சதெல்லாம் வீணாப் போயிடும். புரியுதா?"

"புரியுதுங்க மேடம். தேங்க்ஸ்."

ஏழுமலை டீயைக் குடித்துவிட்டுச் சிரித்தார். "ரூலு ஆயிரம் இருக்கும் சார். ரூலு படிதான் ஒலகம் நடக்குதா?" என்றார். வீட்டுக்கு வந்தால் என்ன, சான்றிதழ் வரப்போகிறதே என்ற திருப்தியோடு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது சங்கீதா கேட்டது எங்கள் காதில் நன்றாக விழுந்தது.

"மாமா, அப்ப நான் காலைல எத்தன மணிக்கு கடைக்கு வரணும்?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சான்றிதழ் அடி அண்ணாமலை வீட்டுக்கு வந்தது. சங்கீதா அதை வாங்கிக்கொண்டு, பயிற்சிக்குப் போட்ட வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போனாள். மாமா சட்டம் போட்டு மாட்டினார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு அதற்குக் கீழே நின்றாள். அன்றைக்குச் சம்பிரதாயத்துக்கு நிற்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மத்தியானம் சாப்பிடப் போகும்போது கடை ஆளைக் கூப்பிட்டு, "அண்ணா, நான் வர்ற வரைக்கும் சோப்பு, சீப்பு, பால் பவுடர் வித்துக்கோங்க. மாத்திரையத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். ஓசூர்ப் பேச்சு வந்தபோது, "போறேன் மாமா. போறதுக்கு முன்னாடி கடைய மூடிடலாம். சென்னையில கேட்டோமே, ஞாபகம் இல்லயா?" என்றாளாம். மரியாதை குறையாமல், குரல் உயராமல் சொல்லியிருக்கிறாள். ஓசூர் மாப்பிள்ளைக்கு ஏழுமலையே சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார்.

ஊரில் பேச்சாகிவிட்டது. பார்க்காமல் இருக்க முடியவில்லை எனக்கு. என் வீடும் செங்கம் ரோட்டுப் பக்கம்தான். ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம், காய்ச்சல் மாத்திரை வாங்குகிற சாக்கில் போனேன். பஸ், வேனை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். ரோடு முழுக்க வெறுங்காலோடு ஜனங்கள். கடை முன்னால் கூட்டம். கல்லாவில் ஏழுமலை. கவுன்டரில் சங்கீதா.

சென்னைக்காரர் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். "ரெண்டு பெயின் கில்லர் குடும்மா. ஸ்ட்ராங்கா."

"சுகர் இருக்குங்களா? பிரஷர் மாத்திர போடறீங்களா? வயித்துப் புண்ணு?"

"நான் மாத்திரதான் கேட்டேன். பொண்ணு பாக்க வந்தா மாரி விசாரிக்கிறியே!" கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவருக்குப் பிரஷர் இருந்தது. தைலமும் கிரேப் பேண்டேஜும் கொடுத்து, மீதி தூரத்துக்கு ஆட்டோ கிடைக்கிற இடத்தைச் சொல்லி அனுப்பினாள். இன்னொருவர், பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர், தூக்க மாத்திரை கேட்டார். டாக்டர் சீட்டு இல்லை. "போன மாசம் இங்கதான் வாங்கினேன்" என்றார். "போன மாசம் நான் இல்லீங்க" என்றாள். அவர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை கல்லாவைப் பார்த்தார். அந்த ஆள் திட்டிக்கொண்டே போனார்.

என் முறை வந்தபோது மெதுவாகக் கேட்டேன். "சம்பளம் ஏதாவது தர்றாரா?"

"மாமா கடைதானே மேடம்" என்றாள். பிறகு, "உங்களுக்கு எத்தன நாளா காய்ச்சல்?" என்று கேட்டாள். காய்ச்சலே இல்லாத நான் திருதிருவென்று விழித்தேன்.

அடுத்த மாதம் ஏழுமலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தனியாக வந்தார். ஆள் வாடியிருந்தார். சார் காட்டுவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், நான் சர்ட்டிபிகேட்டுக்குத்தான் காசு கட்டினேன். கூடவே ஆளு வரும்னு யாரு சார் நெனச்சா?"

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். தணிகாசலம் சார் வழக்கம் போலச் சிரிக்கவில்லை.

"பாதி வியாபாரம் பக்கத்து கடைக்குப் போயிடுச்சு. வெளிநாட்டுக்காரன்கிட்டகூட சீட்டு கேக்கறா. இங்கிலீஷ்லயே கேக்கறா! சீட்டு இல்லாத கேஸையெல்லாம் டாக்டர்கிட்ட போங்கனு அனுப்பிடறா. பாத்துட்டு சீட்டோட திரும்பி வருதுங்க, இல்லேங்கல. ஆனா எல்லாமா வருது? அவளுக்கு எங்கயாவது ஆஸ்பத்திரில வேல வாங்கிக் குடுத்துடுங்க சார். நான் வேற சர்ட்டிபிகேட் பாத்துக்கறேன். அவளே ஆஸ்பத்திரியானாலும் சரி, கடையானாலும் சரினுதான் சொல்றா."

"கடை உரிமத்துலேர்ந்து அவங்கள விடுவிக்கறது சுலபம்தான்" என்றார் சார். ஏழுமலை ஒரு கடிதம், சங்கீதா ஒரு கடிதம், இரண்டையும் எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், வேறு ஆள் வரும்வரை கடையை என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏழுமலை தலையாட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு குறை பாக்கியிருந்தது.

"ஊருக்குத் தரமாட்டேங்கறா, சரி. எனக்கே தரமாட்டேங்கறா சார். முட்டி வலிக்கு நாலஞ்சு வருஷமா தெனம் ஒரு மாத்திர போடுவேன். என் கடை, என் ரேக்கு, என் மாத்திர! அதப் பூட்டி சாவிய கோட்டுப் பையில போட்டுக்கினா. பிரஷர் மாத்திரையும் போட்டுக்கினு இதையும் போட்டா பிரஷர் எப்படி எறங்கும் மாமானு கேக்கறா. டாக்டர பாத்துட்டு வாங்கங்கறா. சண்ட போட்டுப் பாத்தேன். அழுதுக்கினே நின்னா, சாவி மட்டும் குடுக்கல."

"அப்புறம்?" என்றார் சார்.

"அப்புறம் இன்னா, போனேன் டாக்டர்கிட்ட."

"என்ன சொன்னாரு?"

ஏழுமலை குனிந்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கித் தன் கால்களைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வயசான, மெலிந்த கணுக்கால்கள்.

"இவ சொன்னததான் சொன்னாரு. மாத்திரய நிறுத்திட்டாரு. கால் ரெண்டும் வீங்கியே கெடக்கும் சார் எனக்கு. வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்னு வுட்டுட்டேன். அந்த மாத்திரதான் காரணமாம். இப்ப வத்திடுச்சு. செருப்பு லூசாயிடுச்சு சார்."

ஏழுமலை வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். கடிதம் எழுத மாதிரி தருகிறேன் என்று நான் டிராயரைத் திறந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. வாசல்வரை போய், நின்று, திரும்பினார்.

"சார், வெளியில பார்மசிஸ்ட்டுக்கு சம்பளம் இன்னா குடுக்கறாங்க?"

சர்ட்டிபிகேட் வாடகை என்ன போகிறது என்று எங்களிடம் விசாரிக்க வந்த கடைக்காரர்கள் உண்டு. சம்பளம் என்ன என்று கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. டிராயரைச் சாத்திவிட்டேன்.